விமானிகளும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் ரேடியோவில் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள்? எந்த மொழியில்?

பெரும்பாலும் இங்கிலீஷில்தான். ஆனால் நம்ம ஊர் இங்கிலீஷுக்கு அங்கே மரியாதை உண்டு. 'த்ரீ' என்று வராமல் 'ட்ரீ' என்று சொல்லி வாத்தியாரிடம் குட்டு வாங்கியவன் நான். ரேடியோவில் 'ட்ரீ'தான் சரியான உச்சரிப்பு! ஐந்து 'ஃபைஃப்', ஒன்பது 'நைனர்'. இரைச்சலில் ஃபைவும் நைனும் ஒன்றுபோலக் கேட்டுவிடக் கூடாதல்லவா.

நான் இன்னும் விமானி ஆகவில்லை. பெங்களூரில் பயிற்சி எடுத்துக்கொண்டு, ஆர்.டி.ஆர். என்கிற ரேடியோ உரிமத் தேர்வுக்குப் படிக்கிறேன். தங்கியிருப்பது அல்சூரில் அக்கா வீட்டில். ராத்திரி சப்பாத்தி தேய்த்துக்கொண்டே அக்காதான் எனக்குக் கோபுரம். நான் எழுதிக்கொடுத்த தாளைப் பார்த்து, "விண்ட் டூ சிக்ஸ் ஸீரோ டிகிரீஸ், எய்ட் நாட்ஸ், ரன்வே டூ செவன் ரைட், கிளியர்ட் ஃபார் டேக்-ஆஃப்" என்பாள். நான் ரன்வேயையும் அனுமதியையும் திருப்பிச் சொல்லி, கடைசியில் விமானத்தின் அழைப்புப் பெயரையும் சேர்ப்பேன்.

"காத்தை விட்டுட்டியேடா."

"அதைத் திருப்பிச் சொல்ல வேண்டாங்க்கா."

காற்று வெறும் தகவல். ரன்வே, உயரம், திசை, காற்றழுத்த அளவு, அடுத்த அலைவரிசை இதெல்லாம் கட்டாயம் திரும்ப ஒப்பிக்க வேண்டும். பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலையத்தில் இரண்டு ரன்வேக்கள் பக்கத்துப் பக்கத்தில், டூ செவன் ரைட், டூ செவன் லெஃப்ட் என்று இருக்கின்றன. ரைட்டை லெஃப்ட் என்று காதில் வாங்கியிருந்தால், ஒப்பிக்கும்போதுதான் கன்ட்ரோலர் பிடிப்பார். முதல் மாதிரித் தேர்வில் உயரத்தை மாற்றச் சொன்னதற்கு நான் ஸ்டைலாக "ரோஜர்" என்றேன். பயிற்சியாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ரோஜர் என்றால் 'நீங்கள் சொன்னது காதில் விழுந்தது', அவ்வளவே. எந்த உயரம் என்று விழுந்தது? அதை நான் சொல்லவே இல்லையே.

வீட்டு எஃப்.எம். டயல் 108-ல் முடிகிறதல்லவா, அதற்குக் கொஞ்சம் மேலே 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை இந்தப் பேச்சு ஓடுகிறது, பழைய ஏ.எம். முறையில். ஒரே அலைவரிசையில் பல விமானங்கள். பட்டனை அழுத்தியிருக்கும்வரை பேசலாம், கேட்க முடியாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் 'கீ...' என்று ஒரு சத்தம். எஃப்.எம். என்றால் வலுவான குரல் மற்றதை விழுங்கிவிடும், இன்னொருவர் பேசியதே தெரியாது. ஏ.எம்.மில் யாரோ பேசினார்கள் என்றாவது தெரியும்.

அப்படித் தெரிந்தும் போதாமல் போனது 1977 மார்ச் 27-ல், ஸ்பெயினின் டெனரிஃப் தீவு விமான நிலையத்தில். பனிமூட்டம். கே.எல்.எம். விமானம் ஓடத் தொடங்கிவிட்டது. "ஓகே" என்ற கோபுரம், "காத்திருங்கள், கூப்பிடுகிறேன்" என்று முடிப்பதற்குள், "நாங்கள் இன்னும் ரன்வேயில்தான் இருக்கிறோம்" என்று பான் ஆம் விமானமும் பேச, ரேடியோவில் இரண்டு பேச்சும் மோதிக்கொண்டன. கே.எல்.எம். காக்பிட்டில் தெளிவாக விழுந்தது அந்த "ஓகே" மட்டுமே. ரன்வேயில் இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். அதன்பிறகு 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை அனுமதி கொடுக்க, அதைத் திருப்பிச் சொல்ல, ரத்து செய்ய மட்டுமே எடுக்கலாம். மற்ற நேரமெல்லாம் 'டிபார்ச்சர்'.

கிளம்பிய விமானம் கிரவுண்ட், டவர், அப்ரோச், ஏரியா கன்ட்ரோல் என்று ஒவ்வொரு கன்ட்ரோலராகக் கைமாறிக்கொண்டே போகும். ஒவ்வொருவருக்கும் தனி அலைவரிசை. அரபிக்கடலுக்கு நடுவே இந்த ரேடியோ எட்டாது. அங்கே வெகுதூரம் எட்டும் ஹெச்.எஃப். ரேடியோ, இல்லையென்றால் செய்தியாகத் தட்டச்சு.

பிரான்ஸில் பிரெஞ்சிலும் பேசிக்கொள்கிறார்கள். நம்ம வானத்தில் முழுக்க இங்கிலீஷ். அடுத்த அலைவரிசைக்கு மாறும்போது மட்டும் யாராவது ஒரு "நமஸ்தே" போட்டுவிட்டுப் போவார்கள்.