மாடுகள் மேயும் பாறை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அயர்லாந்தில் நடைப்பயணம் போன அனுபவங்களை நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் சென்ற ஜூலையில் குடும்பத்தோடு, மேற்கு அயர்லாந்தின் பாறைப் பிரதேசமான பர்ரனுக்குப் போனோம். கால்வேயில் நர்ஸாக இருக்கிறேன். மூன்று ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த முதல் நீண்ட விடுமுறை அது. உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்தான். காடு என்று போன இடத்தில் ஊசியிலை மரங்களை வரிசையாக நட்டு வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு பறவைச் சத்தம்கூடக் கேட்கவில்லை. மலை என்று போன இடம் பாலை நிலம்போல மொட்டைப் பாறை. கடலோரத்தில் மோஹரின் சுண்ணாம்புப் பாறைச் சரிவுகள் மட்டும் மனதில் நின்றன. முல்லாமோர் மலைப் பக்கம் ஒரு கேட்டைத் திறந்துபோட்டு வந்துவிட்டோம் என்று ஒரு விவசாயி என் கணவரிடம் கடுமையாகப் பேசினார். ஒரு மாடுகூட இல்லாத பாறைக்குக் கேட் எதற்கு? மனிதக் கை படாத இயற்கையைத் தேடிப் போய்த் திட்டு வாங்கித் திரும்பினோம். மறுபடியும் போகலாமா? போனால் எங்கே, எப்போது, எந்த ஷூ?

ம., கால்வே

அன்புள்ள ம.,

முதலில் ஒரு சின்னத் திருத்தம். மோஹர் சுண்ணாம்புப் பாறை இல்லை. அது மணற்கல்லும் களிமண் பாறையும் அடுக்கடுக்காகப் படிந்த சுவர். உயரமான இடத்தில் 214 மீட்டர். சுண்ணாம்புப் பாறை அதற்கு அடியில் போய்விடுகிறது. வடக்கே டூலின் என்ற ஊர்ப் பக்கம் கடலோரமாக நடந்தால் அது மறுபடி வெளியே தலைகாட்டுவதைப் பார்க்கலாம். நீங்கள் மொட்டை என்று ஒதுக்கியதுதான் அசல் சுண்ணாம்பு. ஏறத்தாழ 33 கோடி ஆண்டுகளுக்கு முன் வெப்பமண்டலக் கடலின் அடியில் படிந்தது. குனிந்து பார்த்திருந்தால் உங்கள் காலடியிலேயே பவளப் பூச்சிகளின் கூடுகள் கல்லாகிக் கிடந்திருக்கும்.

அந்த ஊசியிலைக் காட்டைப் பற்றி உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். அது காடில்லை, மரப்பயிர். வட அமெரிக்காவின் பசிபிக் கரையிலிருந்து வந்த சிட்கா ஸ்ப்ரூஸ். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயர்லாந்தில் காடு என்று மிஞ்சியிருந்தது நூற்றில் ஒரு பங்குதான். இன்று அது பதினொன்றைத் தாண்டிவிட்டது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். கூடிய பங்கில் பெரும்பகுதி, வெட்டுவதற்காக நட்ட இப்படிப்பட்ட ஊசியிலை மரங்கள்தான். நடுவே போட்ட பாதையில் நடப்பது கரும்புத் தோட்டத்து வரப்பில் நடப்பதைப் போன்றது. நடந்தால் உடம்புக்கு நல்லது என்பதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

ஆனால் பாலை என்ற சொல்லைப் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். அது நீங்கள் நினைத்ததைவிடச் சரியான சொல். நம் மரபில் பாலை தனி நிலமில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து அந்த உருவத்தை எடுக்கின்றன. பர்ரனின் கதையும் அதேதான். ஒரு காலத்தில் அங்கே பைன் மரங்களும் ஹேசல் என்ற சிறு கொட்டை மரங்களும் நின்றன. பனிப்பாறைகள் ஏற்கெனவே சுரண்டி மெலிதாக்கிவிட்டுப் போன மண் அது. கற்கால, வெண்கலக் கால விவசாயிகள் மரத்தை வெட்டி மாட்டை விட்டார்கள். பிடித்துவைக்க வேர் இல்லாத மண் மழையில் கரைந்து பாறை இடுக்குகளுக்குள் இறங்கிவிட்டது. ஆக, மனிதக் கை படாத இயற்கையைத் தேடி நீங்கள் போய்ச் சேர்ந்த இடம், ஐயாயிரம் ஆண்டுகளுக்குமேல் மனிதக் கை பட்டுக்கொண்டே இருக்கும் இடம்.

அந்தக் கை இன்னும் ஓயவில்லை. கேட் எதற்கு என்ற உங்கள் கேள்விக்கான பதிலும் அதில்தான் இருக்கிறது.

உலகில் பெரும்பாலான மலைநாடுகளில் கோடையில் மாட்டை மேலே ஓட்டுவார்கள், குளிர்காலத்தில் கீழே இறக்குவார்கள். பர்ரனில் இது தலைகீழ். அக்டோபர் கடைசியில் மாடுகள் மலை ஏறுகின்றன, வசந்தத்தில் இறங்குகின்றன. கோடை முழுவதும் வாங்கிய வெயிலைச் சுண்ணாம்புப் பாறை குளிர்காலத்தில் மெதுவாக விடுகிறது. மழை பெய்தாலும் நீர் இடுக்குகளில் வடிந்துவிடுவதால் மாட்டின் கால் சேற்றில் நிற்பதில்லை. புல்லிலும் தண்ணீரிலும் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. குளிர்கால மேய்ச்சலில் மாடுகள் காய்ந்த புல்லையெல்லாம் தின்று தீர்க்கின்றன. அது அப்படியே கிடந்தால் சிறு செடிகளை மூடி அழித்துவிடும். பூக்கும் பருவத்தில் மாடுகள் கீழே இருக்கின்றன. அதனால்தான் அந்த இடுக்குகளில் ஆல்ப்ஸ் மலையின் நீல ஜென்ஷியனும் மத்தியதரைக் கடல் பக்கத்து ஆர்க்கிட் ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் பூக்கின்றன. தாவரவியலாளர்களின் வியப்பு இன்னும் அடங்கவில்லை. மாடுகள் இல்லையென்றால் பூக்களும் இல்லை.

நீங்கள் போனது ஜூலையில். மாடு கண்ணில் படாததன் காரணம் இப்போது புரிந்திருக்கும். அந்த விவசாயி குளிர்காலத்துக்காக மலைப் புல்லைச் சேர்த்து வைத்திருந்தார். கேட் திறந்து கிடந்தால் கீழே மேயும் மாடுகள் ஏறிவந்து ஒரே வாரத்தில் அதைக் காலி செய்துவிடும். அவருக்கு அது வைக்கோற்போர் போனதற்குச் சமம். இன்னொன்றும் உண்டு. அங்கே ஒரு திட்டத்தில் ஒவ்வொரு மேய்ச்சல் நிலத்துக்கும் பரீட்சைத் தாளைப்போல ஒன்றிலிருந்து பத்துவரை மதிப்பெண் போட்டு, அதற்கேற்ப விவசாயிக்குப் பணம் தந்தார்கள். உங்கள் கேட் அவருடைய மதிப்பெண்ணையும் குறைத்திருக்கும். அயர்லாந்தில் தனியார் நிலத்தில் நடப்பது உரிமை இல்லை, நிலக்காரரின் பெருந்தன்மை. உங்கள் கணவரிடம் என் வருத்தத்தைச் சொல்லுங்கள். ஆனால் இந்த வழக்கில் நான் விவசாயி பக்கம்.

நானும் யோக்கியன் இல்லை. முதல் முறை போனபோது தட்டைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை வைத்து, கற்காலக் கல்லறைபோல் ஒன்றைக் கட்டிப் படம் எடுத்துக்கொண்டேன். பின்னாலேயே வந்த ஒரு முதியவர் ஒரு வார்த்தை பேசாமல் அதைப் பிரித்து, ஒவ்வொரு கல்லையும் எடுத்த இடத்தைத் தேடிப் போட்டார். சுற்றுலாக்காரர்கள் இப்படிக் கட்டிக் கட்டியே பாறைத் தளம் கெடுகிறது என்று பிறகுதான் அறிந்தேன். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அயர்லாந்தின்மேல் படையெடுத்த ஆங்கிலேயர் குரோம்வெல்லின் படைத்தலைவர் லட்லோ 1651-இல் பர்ரனுக்கு வந்தார். ஒருவனை மூழ்கடிக்கத் தண்ணீரில்லை, தூக்கில் போட மரமில்லை, புதைக்க மண்ணில்லை என்று அவர் குறித்துவைத்தது சுற்றுலாக் கையேடுகளிலெல்லாம் வருகிறது. அதற்கு அடுத்தபடியாக அவர் எழுதியதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: இருந்தும் மாடுகள் நன்றாகக் கொழுத்திருக்கின்றன! கொல்வதற்கு வழி தேடிய கண்ணுக்கும் மாடு தெரிந்திருக்கிறது.

சரி, காடும் பாறைச் சரிவும் சேர்ந்த ஒரு நடை வேண்டுமென்றால் பர்ரனிலேயே இருக்கும் கீல்ஹில்லாவுக்குப் போங்கள். ஸ்லீவ் காரன் மலையின் கிழக்குப் பக்கம், கழுகுப் பாறை என்ற செங்குத்துச் சுவரின் அடியில் ஒரு ஹேசல் காடு இருக்கிறது. மரங்கள் உயரமில்லை. ஆனால் கிளை, வேர், கல் எல்லாவற்றின்மேலும் பாசி அப்பியிருக்கும். வெளிச்சமே பச்சையாக விழும். மாடு குறைந்த இடத்திலெல்லாம் இந்த ஹேசல் வேகமாகப் பரவிப் பூ நிலத்தை விழுங்குகிறது என்பது விவசாயிகளின் புகார், அது நியாயமும்கூட. மற்ற இடங்களில் வெட்டட்டும். இந்த ஒரு காட்டை மட்டும் விட்டுவைக்கலாம் என்பது என் ஆசை.

அங்கே ஏழாம் நூற்றாண்டுத் துறவி கோல்மன் வாழ்ந்த சிறு குகையும், இடிந்த ஆலயமும், சுனையும் இருக்கின்றன. அவரிடம் மூன்று சொத்துகள் இருந்தனவாம்: தொழுகைக்கு எழுப்பிவிட ஒரு சேவல், மீண்டும் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு எலி, படித்த வரியில் உட்கார்ந்து அடையாளம் காட்ட ஒரு ஈ. மூன்றும் செத்துப்போனதும் துக்கம் தாளாமல் கொலம்பா என்ற துறவிக்குக் கடிதம் எழுதினார். செல்வம் சேர்ந்த இடத்தில் துன்பமும் சேரும் என்று பதில் வந்ததாம். வாசகர் கடிதத்துக்கு இவ்வளவு சுருக்கமாகப் பதிலெழுத எனக்கு வாய்க்கவில்லை.

அதே இடத்தில் இன்னொரு கதை. ஒரு ஈஸ்டர் நாளில் குவைரே மன்னனின் விருந்துத் தட்டுகள் மேசையிலிருந்து எழும்பிப் பறந்து, பட்டினி கிடந்த கோல்மனிடம் வந்து இறங்கின. துரத்திக்கொண்டு வந்தவர்களின் குளம்படிகள் என்று பாறையில் பள்ளங்களைக் காட்டுகிறார்கள். அந்த வழிக்கே தட்டுகளின் சாலை என்று பெயர். நீண்ட நோன்புக்குப் பிறகு ஆசைதீரத் தின்ற கோல்மனின் சீடன் அங்கேயே இறந்துபோனான். அவன் கல்லறையும் பக்கத்தில்தான். உங்கள் வேலைக்கு இது புதிய செய்தியாக இருக்காது. நெடுநாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென்று வயிறு நிறையக் கொடுக்கக் கூடாது என்பது மருத்துவமனையில் எல்லோருக்கும் தெரியும்.

போகும் காலம்: பூவுக்கு மே மாதம். மாடுகள் மலையேறுவதைப் பார்க்க அக்டோபர் கடைசி வார விடுமுறை. பொதுமக்களும் மாடுகளோடு சேர்ந்து நடக்கும் விழா அப்போது நடக்கிறது. குளிர்காலத்தில் முல்லாமோர் அடிவாரத்தில் நீங்கள் ஜூலையில் நடந்த புல்வெளி ஏரியாகியிருக்கும். நிலத்தடி நீர் ஏறினால் நிரம்பி, இறங்கினால் மறையும் ஏரிகள் அவை, டுர்லோ என்பார்கள்.

ஷூ: கணுக்காலை மூடியதாக இருக்கட்டும். பாறை இடுக்குகள் ஒரு காலை முழங்கால்வரை விழுங்கக்கூடியவை. நனைந்த சுண்ணாம்புப் பாறை சோப்பு போட்ட குளியலறைத் தரை. குடை வேண்டாம். முதல் காற்றிலேயே கம்பி மட்டும்தான் கையில் மிஞ்சும்.