தனியா போங்க, தனியா முங்காதீங்க

அன்புள்ள அக்கா,

எனக்கு 38 வயசு, டல்லாஸ்ல வேலை. போன வருஷம் ஸ்கூபா டைவிங்ல ஓப்பன் வாட்டர்னு முதல் நிலை சர்டிஃபிகேட் வாங்கினேன், இதுவரைக்கும் 14 டைவ். அக்டோபர்ல ஒரு வாரம் கரீபியன் போகலாம்னு இருக்கேன், தனியா. கோசுமெல், பொனேர், இல்ல பெலீஸ்ல படகுலயே தங்கி டைவ் பண்ற லிவ்அபோர்ட், மூணுல எது நல்லது? தனி ஆளுக்கு ரூம் சார்ஜ் ரொம்ப கேக்கறாங்க, அதை எப்படிக் குறைக்கறது? கேமரா எது வாங்கலாம்? பொனேர்ல கரையில இருந்தே இறங்கிக்கலாம், யாரையும் கேக்க வேண்டாம்னு படிச்சேன், அதான் ஆசையா இருக்கு. ஆஃபீஸ், வீடு, ஃபோன்னு நாள் முழுக்க ஆளுங்க. தண்ணிக்குள்ளயாவது யாரும் இல்லாம இருக்கணும் போல இருக்கு. அது தப்பா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

உங்க கடைசி ரெண்டு வரியை திரும்பத் திரும்பப் படிச்சேன். ஆளுங்க இல்லாத இடம் வேணும்னு தோணறது தப்பே இல்ல, எனக்கும் தோணியிருக்கு, அதுக்காகத்தான் நானும் முதல்ல பொனேர் போனேன். ஆனா 14 டைவ் போட்டவங்க தண்ணிக்குள்ள ஆள் வேண்டாம்னு எழுதறதைப் படிச்சதும் எனக்குக் கோவம் வந்துச்சு, அதை மறைக்கப் போறதில்ல. தனியா ஊருக்குப் போறது வேற, தனியா முங்கறது வேற. ரெண்டையும் ஒரே ஆசைன்னு நினைச்சுட்டு இருக்கீங்க.

பொனேர் பத்தி நீங்க படிச்சது பொய் இல்ல. 1979லயே கடலைப் பூங்காவா அறிவிச்ச தீவு அது. ரோட்டோரமா மஞ்சள் பெயிண்ட் அடிச்ச கல்லுல டைவ் இடத்தோட பேர் இருக்கும், வாடகை பிக்கப் ட்ரக்ல டேங்கை ஏத்திக்கிட்டு கல்லைப் பாத்து நிறுத்தி இறங்கிடலாம், கொஞ்ச தூரம் நீந்தினா பாறை சரிவு ஆரம்பிச்சுடும். முதல் நாள் அவங்க விதிகளைச் சொல்லி ஒரு செக் டைவ் பண்ண வைப்பாங்க, அப்புறம் யாரும் கூட வர மாட்டாங்க. அந்த சுதந்திரத்தைத்தான் எல்லாரும் புகழ்றாங்க. ஆனா அதை ரெண்டு பேரா அனுபவிக்கணும்.

நான் போனப்ப கடையில ஒருத்தரை எனக்கு பட்டியா, அதாவது டைவ் ஜோடியா சேத்துவிட்டாங்க. நல்ல மனுஷன்தான், கையில பெரிய கேமரா. 17 மீட்டர்ல ஒரு கடல் விசிறி, அதாவது விசிறி மாதிரி விரிஞ்ச பவளம், அது பக்கத்துல நான் நின்னு பாத்துட்டு திரும்பறேன், ஆள் இல்ல. அப்ப டேங்க்ல மீதி காத்தைக் காட்டற என் கேஜ்ல 90 பார், பாதிக்கும் கீழ. ஒரு நிமிஷம் சுத்திப் பாத்துட்டு மெதுவா மேல வந்துடணும், மேல சந்திச்சுக்கணும், இதுதான் விதி, எனக்கும் தெரியும். ஆனா நான் மேல வரல. அவருக்கு ஏதாவது ஆயிடுச்சோன்னு தேடினேன், மூச்சு வேகமாச்சு, 50க்கு வந்துடுச்சு. மேல வந்தா டைவ் ஆரம்பிச்ச இடம் எங்கன்னே தெரியல. பொனேர்ல நாம இறங்கற கரை மேற்குக் கரை, காத்து எப்பவும் கிழக்குல இருந்து வரும், அதாவது கரையில இருந்து நம்மள வெளிக்கடலுக்குத் தள்ளும், தண்ணி குளம் மாதிரி இருந்தாலும் தள்ளிட்டே இருக்கும். முக்கா மணி நேரம் காலை அடிச்சு கரை சேந்தேன். அவர் ட்ரக் பின்னாடி உக்காந்து எடுத்த ஃபோட்டோவைப் பாத்துட்டு இருந்தார். டைவ் நல்லா இருந்துச்சான்னு கேட்டார். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

அடுத்த நாள் நான் திரும்ப இறங்கினதுக்குக் காரணம் ஒரு டச்சு அம்மா, 60 தாண்டினவங்க, ரிடையர் ஆன நர்ஸ், அவங்களும் தனியா வந்தவங்கதான். ஒவ்வொரு டைவுக்கு முன்னாடியும் கரையில நிறுத்தி என் ஜாக்கெட்ல காத்து ஏறுதா இறங்குதா, வெயிட் இருக்கா, பக்கிள் எப்படிக் கழட்டணும்னு தொட்டுத் தொட்டுப் பாப்பாங்க, அப்புறம் ரெகுலேட்டர்ல, அதாவது வாயில வச்சு மூச்சு விடற கருவியில, மூச்சு இழுக்கச் சொல்லி என் கேஜையே பாத்துட்டு நிப்பாங்க. மூணாவது நாள் நான் இழுக்க இழுக்க ஊசி விழுந்து விழுந்து ஏறுது. டேங்க் வால்வை நான் கால் திருகுதான் திறந்திருக்கேன். கரையில அது போதும், மூச்சு வரும். 20 மீட்டர்ல அழுத்தம் மூணு மடங்கு, ஒரு மூச்சுக்கு மூணு மடங்கு காத்து வேணும், அங்க போனதும்தான் வராம போகும். அவங்க ஒண்ணும் சொல்லல, பின்னாடி கையை விட்டு வால்வைத் திறந்துட்டு தண்ணியைப் பாத்து நடந்தாங்க.

நான் தூத்துக்குடிக்காரி. கல்லைப் பிடிச்சு மூச்சடக்கி முத்து குளிச்ச காலத்துல, படகுல கயித்தைப் பிடிக்க பொண்டாட்டியோட கூடப்பிறந்தவனைத்தான் நிறுத்துவாங்கன்னு எங்க பாட்டி சொல்லும். தங்கச்சி தாலி அவன் கையில இருக்கு, கவனம் சிதறாது. உங்களுக்கு கோசுமெல்ல மச்சானைத் தேட முடியாதுதான். ஆனா கயிறு யார் கையில இருக்குன்னு கேக்காம இறங்காதீங்க. தனியா டைவ் பண்றதுக்குன்னே எஸ்டிஐங்கற டைவ் பயிற்சி அமைப்புல ஒரு கோர்ஸ் இருக்கு, அதுல சேரவே 100 டைவ் முடிச்சிருக்கணும், கூடவே தனியா இன்னொரு காத்து ஏற்பாட்டையும் தூக்கிட்டுப் போகணும். நீங்க 14! இதை நான் திட்டாம வேற யார் திட்டுவா?

சரி, கேட்ட கேள்வி. கோசுமெல் போங்க. அங்க கைடு இல்லாம இறங்க விட மாட்டாங்க, அதுதான் உங்களுக்கு நல்லது. நீரோட்டம் எல்லாரையும் ஒரே பக்கம் இழுத்துட்டுப் போகும், படகு பின்னாடியே வரும், திரும்பி நீந்தற வேலை இல்ல. ஆனா சுவர் மாதிரி இறங்கற பாறைங்க, கீழ பாத்தா வெறும் நீலம், தரையே தெரியாது, ஆழம் தெரியாம 25, 30ன்னு போயிடுவீங்க, உங்க சர்டிஃபிகேட் 18 மீட்டருக்குத்தான். புக் பண்றதுக்கு முன்னாடி கடைக்கு மெயில் போட்டு ஒரு கைடுக்கு எத்தனை பேர், எனக்கு ஜோடி யாரு, ஒருத்தருக்குக் காத்து குறைஞ்சா யார் கூட மேல வருவாங்கன்னு கேளுங்க. இங்க வந்து பாத்துக்கலாம்னு பதில் வந்தா அடுத்த கடையைப் பாருங்க.

அக்டோபர் வேண்டாம், புயல் காலம் ஜூன்ல இருந்து நவம்பர் வரைக்கும். பனிக்காலத்துல நார்த்தேன்னு வடக்குக் காத்து அடிச்சா துறைமுகத்தையே மூடிடுவாங்க. ஏப்ரல் பாருங்க. பெலீஸ் இப்போதைக்கு வேண்டாம், அங்க எல்லாரும் பாக்கப் போற ப்ளூ ஹோல்ங்கற கடல் பள்ளத்துல தொங்கற பாறைங்களைப் பாக்கவே 40 மீட்டர் போகணும். ரூம் சார்ஜை குடுத்துடுங்க, உங்களுக்கு வேணும்னு சொன்ன தனிமை அந்த ரூம்லதான் இருக்கு, நல்லா கதவைச் சாத்திட்டுத் தூங்குங்க. டைவுக்குன்னு தனியா இன்ஷூரன்ஸ் எடுங்க, டான்ங்கற டைவர்கள் பாதுகாப்பு அமைப்புல கிடைக்கும். கேமரா வாங்காதீங்க.

பொனேர் அப்புறம் போகலாம், ஒரு 50 டைவ் ஆகட்டும், கோசுமெல்ல யாராவது ஒருத்தர் உங்க கேஜை உங்களுக்கு முன்னாடி பாத்தாங்கன்னா அவங்க நம்பரை வாங்கி வச்சுக்குங்க, அவங்க கூட போங்க. டிக்கெட் போடும்போது கடைசி டைவுக்கும் ஃப்ளைட்டுக்கும் நடுவுல 18 மணி நேரமாவது விடுங்கம்மா, கடைசி நாளை இப்பவே காலியா வச்சிடுங்க.

அன்புடன்,
அக்கா