கைமனாவா சிகா: ஏப்ரலுக்கு முன் வந்த கடிதங்கள்

மார்ச் பிறந்தால் போதும், வருஷம் முழுக்கப் பேசாதவர்கள்கூட எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். எல்லாம் சிகா மான் வேட்டை பற்றித்தான். நியூசிலாந்து வடதீவின் நடுவே, கைமனாவா, கவேகா மலைகளில் கூவும் அந்தச் சின்ன மான், ஆக்லாந்து, ஹாமில்டன் தமிழர்களை இப்படிப் பிடித்து ஆட்டும் என்று 1905இல் அதை இங்கே கொண்டுவந்து விட்டவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். வந்ததில் சிலவற்றுக்கு மட்டும் பதில். துப்பாக்கி லைசென்ஸ், டாக் (DOC, அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை) தரும் வேட்டை பெர்மிட் இரண்டும் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இல்லாதவர்கள் முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள். பெர்மிட் இலவசம், இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு வாரம்தான் லீவு கிடைக்கும். எந்த வாரம் எடுக்கலாம்? (ஆக்லாந்து)

சித்திரை முதல் நாளை ஒட்டி. விளையாட்டாகச் சொல்லவில்லை. இது இணை சேரும் பருவம். இங்குள்ள இன்னொரு மானான செம்மான் மார்ச் கடைசியிலேயே கர்ஜிக்க ஆரம்பித்து ஏப்ரல் பாதியில் தொண்டை கட்டிப் போய்விடும். சிகா அப்போதுதான் சூடு பிடிக்கும். ஏப்ரல் 10 முதல் 25 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மே மாதம் கூவிய கலைகளையும் (ஆண் மான்களையும்) கேட்டிருக்கிறேன். ஈஸ்டர் விடுமுறை இந்த நாட்களில் வந்து விழுந்தால் அதை விட்டுவிடுங்கள். காட்டில் மானைவிட ஆள் அதிகம் இருக்கும். புத்தாண்டு அன்று வீட்டில் என்ன சொல்லிவிட்டுக் கிளம்புவது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

மானை அழைக்கும் ஊதலை இரண்டு நாள் விடாமல் ஊதினேன். ஒன்றுகூட வரவில்லை. ஊதல் பழுதா? (ஹாமில்டன்)

எந்த இடம் என்று எழுதவில்லை. எந்த நேரம் என்று எழுதவில்லை. காற்று எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. ஊதல் என்ன விலை என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள்.

என் கணக்கில் மான் வந்திருக்கும். உங்களுக்குத் தெரியாமல் வந்து, தெரியாமல் போயிருக்கும். செம்மான் பதிலுக்குக் கத்திக்கொண்டே வரும். சிகா பல நேரம் வாய் திறக்காமல் வரும், அதுவும் நேராக வராது. ஒரு வட்டம் போட்டு, உங்கள் வாசனை எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் வந்து மூக்கை நீட்டும். அதனால் உட்காரும்போதே, காற்று போகும் பக்கம் நாற்பது ஐம்பது மீட்டராவது கண்ணுக்குத் தெரிகிற இடமாகப் பாருங்கள். முதுகுக்குப் பின்னால் தடிமனான மரம் இருக்கட்டும்.

அப்புறம், "விடாமல்" என்ற சொல். எந்தக் கலையும் இரண்டு நாள் விடாமல் கூவாது. ஒரு தடவை ஊதினால் கால் மணி நேரம் சும்மா இருங்கள். அந்தக் கால் மணி நேரத்தில் கண்ணால் வேலை செய்யுங்கள். பதில் வந்தாலும் உடனே திருப்பி ஊதத் தேவையில்லை. நீங்கள் இருக்கும் இடம் அதற்குத் தெரிந்துவிட்டது.

எந்தக் கூவல் எதைச் சொல்கிறது? எனக்கு எல்லாம் ஒன்றாகவே கேட்கிறது. (பாமர்ஸ்டன் நார்த்)

நியாயமான கேள்வி. எண்ணெய் காணாத கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டு இறங்குமே, அப்படி நீளமாக ஒற்றையாய் வருவது "இது என் இடம்" என்ற அறிவிப்பு. தூரத்துக்குக் கேட்கும், நீங்களும் ஊதலாம். இரண்டாவது, கழுதை கத்துவது போல "ஈ... ஆவ்" என்று ஏறி இறங்குவது. இங்குள்ளவர்கள் ஹீ-ஹா என்பார்கள். பிணைகள் (பெண் மான்கள்) பக்கத்தில் இருக்கும்போதோ எதிராளி நெருங்கிவிட்டபோதோ பெரும்பாலும் இதைக் கேட்கலாம். இதைக் கேட்டால் கலை அந்த இடத்தை விட்டு லேசில் நகராது. நீங்கள்தான் அதனிடம் போக வேண்டும். மூன்றாவது, பிணையின் மெல்லிய முனகல். பூனைக்குட்டி மாதிரி. மூடிய புதர்க்காட்டில் எனக்கு அதிகம் பலன் தந்தது இதுதான். பெரிய குரல் ஊதினால் இளம் கலை பயந்து ஒதுங்கிவிடும், முனகலுக்கு அதுவும் வரும்.

சட்டென்று, கூர்மையாக, விசில் அடித்தது போல ஒன்று கேட்டு, கூடவே கால் தட்டும் சத்தம் வந்தால் அது கூவலே இல்லை. உங்களைப் பார்த்தாயிற்று. ஆணும் அடிக்கும், பெண்ணும் அடிக்கும். அசையாமல் நில்லுங்கள். சில சமயம் சந்தேகம் தீராமல் நின்று பார்க்கும். ஓடிவிட்டால் துரத்தாதீர்கள்.

போனில் பதிவு செய்த குரலைப் போடலாமா? (டவுரங்கா)

வேண்டாம். மான் வரும் நேரத்தில் உங்கள் கையும் கண்ணும் திரையில் இருக்கும்.

பீச் (beech) மரக்காட்டில் பதுங்கிப் போவது எப்படி? சருகு காட்டிக் கொடுத்துவிடுகிறது. (டவுப்போ)

மழை பெய்த மறுநாள் போங்கள். அது முடியாவிட்டால் மெதுவாகப் போங்கள். நீங்கள் நினைக்கும் மெதுவில் பாதி. ஒரு மணி நேரத்துக்கு முந்நூறு மீட்டர் போனாலே எனக்கு வேகம்தான். மூன்று எட்டு வைத்தால் ஒரு நிமிஷம் நில்லுங்கள், குனிந்து மரக்கிளைகளுக்குக் கீழே பாருங்கள். முழு மானைத் தேடுபவருக்கு மான் கிடைக்காது. ஒரு காது, ஒரு கால், பின்புறத்து வெள்ளை, இவ்வளவுதான் முதலில் தெரியும். சிகாவுக்கு இன்னொரு குணம் உண்டு. ஆள் வருவது தெரிந்தாலும் படுத்தபடியே இருந்து, உங்களைக் கடந்து போக விட்டுவிடும். நீங்கள் போன பிறகு எழுந்து எதிர்ப்பக்கம் நடக்கும். அதனால் அடிக்கடி பின்னால் திரும்பிப் பாருங்கள்.

மறுபடியும் காற்று. தெளிந்த நாளில் விடியற்காலையில் குளிர்ந்த காற்று மலைச்சரிவில் கீழே இறங்கும். வெயில் ஏறிய பிறகு, பத்து மணி வாக்கில், திரும்பி மேலே ஏறும். நடுவில் ஒரு மணி நேரம் எந்தப் பக்கம் என்று அதற்கே தெரியாது. அந்த நேரம் உட்கார்ந்து டீ குடியுங்கள். சின்ன டப்பாவில் முகப்பவுடர் வைத்துக்கொண்டு அவ்வப்போது தூவிப் பாருங்கள்.

நானும் நண்பனும் போகிறோம். அவன் ஓர் இடத்தில் உட்கார்ந்து ஊதுவான். கூவல் கேட்கும் பக்கமாக நான் பதுங்கிப் போய், வரும் மானை மடக்குவதாகத் திட்டம். இருவருக்கும் ஒரே மாதிரி, காட்டோடு கலந்து மறைக்கும் கேமோ உடுப்பு வாங்கிவிட்டோம். சரிதானே? (வெலிங்டன்)

சரி இல்லை. இந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், மூன்று தடவையும் வயிற்றைப் பிசைந்தது.

நீங்கள் போட்டிருக்கும் திட்டம் என்ன தெரியுமா? ஒருவன் புதருக்குள் மான் மாதிரி உடுத்திக்கொண்டு மான் மாதிரி கத்துவான். இன்னொருவன் குண்டு ஏற்றிய துப்பாக்கியோடு அந்தச் சத்தத்தை நோக்கி வருவான். இந்த நாட்டில் மான் என்று நினைத்துச் சுடப்பட்டவர்களில் பெரும்பாலோரைச் சுட்டது எங்கிருந்தோ வந்த ஆள் இல்லை, கூடப் போன கூட்டாளிதான். லைசென்ஸ் வாங்கும்போது ஏழு விதிகளை ஒப்பித்தீர்களே, நான்காவது என்ன? இலக்கு இன்னதென்று துளி சந்தேகமும் இல்லாமல் அறிந்துகொள். ஒப்பித்ததோடு சரி.

பதினைந்து வருஷம் இருக்கும். க்ளெமென்ட்ஸ் மில் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சரிவில் உட்கார்ந்து ஊதினேன். பதில் வந்தது. நல்ல கனத்த குரல். அரை மணி நேரம் நான் ஒன்று, அது ஒன்று என்று போனது. குரல் நெருங்கிக்கொண்டே வந்தது. எனக்குக் கை நடுங்கியது, இவ்வளவு ஆசையாக எந்தக் கலையும் எனக்குப் பதில் சொன்னதில்லை. கடைசியில் பெரணிக்கு மேலே ஒரு தொப்பி தெரிந்தது. தொப்பிக்குக் கீழே குழல். குழல் என் பக்கம். கத்தினேன். பிறகு இருவரும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து வெகுநேரம் பேசாமல் இருந்தோம். "கொம்பு ஆடியது மாதிரி இருந்தது" என்றார் அவர். ஆடியது நான் வாய்க்குத் தூக்கிய பிளாஸ்க்.

அன்றிலிருந்து எனக்குச் சில பிடிவாதங்கள். குரல் கேட்டது, புதர் அசைந்தது, பழுப்பாக ஏதோ தெரிந்தது, இதற்கெல்லாம் விசைப் பக்கம் விரல் போகாது. தலை, கழுத்து, தோள்பட்டை, மூன்றையும் ஒரே உடம்பில் சேர்த்துப் பார்க்க வேண்டும். கலை என்றால் கொம்பின் முனைகளை எண்ணிவிடுவேன். பெரிய கலைக்குப் பக்கத்துக்கு நாலு, மொத்தம் எட்டு இருக்கும். எண்ணும் நேரத்தில் பதற்றமும் அடங்கும். பார்ப்பதற்கு பைனாகுலர். துப்பாக்கியின் ஸ்கோப்பை எடுத்து "அது என்ன" என்று பார்ப்பவரோடு நான் இரண்டாம் முறை போக மாட்டேன். அவர் பார்ப்பது மனிதனாக இருந்தால் துப்பாக்கி ஏற்கெனவே மனிதனைக் குறிவைத்தாயிற்று.

இரண்டு பேர் போனால் ஒரு துப்பாக்கி. ஊதுபவர் சுடுபவருக்குக் கை எட்டும் தூரத்தில். பிரிந்துதான் போவோம் என்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் என்று எல்லை பிரித்துக்கொண்டு, சொன்ன நேரம்வரை அந்த எல்லையைத் தாண்டாதீர்கள். கூட நடந்தவர் கண்ணிலிருந்து மறைந்தால் வேட்டை அங்கேயே நிற்க வேண்டும். அவரைக் கண்டுபிடித்த பிறகுதான் மற்றது.

அந்தக் கேமோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பளிச்சென்ற ஆரஞ்சு வாங்குங்கள். "மான் பார்த்துவிடாதா?" என்று அடுத்த கடிதம் வரும், தெரியும். மான் கண்ணுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் நமக்குத் தெரிவது போல எடுப்பாகத் தெரியாது. நீலம் நன்றாகத் தெரியும். நீல ஜீன்ஸ் போட்டுக்கொண்டு காட்டுக்கு வருபவர்கள்தான் கவலைப்பட வேண்டும்.

பாயின்ட் 308 துப்பாக்கி போதுமா, பெரியதாக வாங்கவா? (கிறைஸ்ட்சர்ச்)

தாராளம். நல்ல கலையே எழுபது கிலோவைச் சுற்றித்தான். பாயின்ட் 243கூடப் போதும், படவேண்டிய இடத்தில் பட்டால். மிச்சப் பணத்துக்குத் தோட்டா வாங்கிப் பழகுங்கள்.

அதிகாலை நான்கு மணிக்கு லைட் அடித்துப் பார்த்தால் நிறையக் கண்கள் தெரிகின்றன. அப்போதே... (ஊர் எழுதவில்லை)

ஊர் எழுதாததற்குக் காரணம் புரிகிறது. டாக் நிலத்தில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னாலிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்னால் வரைதான் வேட்டை. லைட் அடிக்கக் கூடாது. அந்தக் கண்களில் ஒன்று முகாமிலிருந்து எழுந்து வந்தவருடையதாக இருக்கலாம். நான்காவது விதி, மேலே பார்க்கவும்.

கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த கறியை வீட்டில் யாரும் தொடவில்லை. கவிச்சி அடிக்கிறதாம். (ஆக்லாந்து)

அவர்கள் சொல்வது சரி. ஏப்ரல் கலை தன் மூத்திரத்திலும் சேற்றிலும் புரண்டு திரியும், சரியாகத் தின்னவும் தின்னாது. உரிக்கும்போது தோலைத் தொட்ட கையோடு கறியைத் தொட்டால் முடிந்தது. கையைக் கழுவுங்கள், கத்தியைத் துடையுங்கள், வெளிமயிர் ஒன்றுகூடக் கறியில் ஒட்டக் கூடாது. துணிப்பையில் போட்டு நிழலில் ஆற விடுங்கள். பிளாஸ்டிக் பையில் சூடாகக் கட்டினால் கெட்டுப்போகும்.

கறிதான் வேண்டும் என்றால் பிணையைச் சுடுங்கள். இதை வருஷா வருஷம் எழுதுகிறேன். எல்லோருக்கும் சுவரில் மாட்டக் கொம்புதான் வேண்டும். பிணைகள் பெருகி, பீச் மரக் கன்றுகளைத் தலையெடுக்க விடாமல் மேய்ந்து, கடைசியில் மான்களே இளைத்துச் சிறுத்துப் போகின்றன. இங்குள்ள சிகா அறக்கட்டளையும் அதைத்தான் சொல்கிறது. இங்கே பருவத் தடையோ எண்ணிக்கை வரம்போ கிடையாது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: இந்த மாதத்தில் குட்டி தாயோடுதான் திரியும். இரண்டையும் எடுக்க முடியும் என்றால் குட்டியை முதலில் எடுங்கள், முடியாது என்றால் அந்தத் தாயை விட்டுவிடுங்கள்.

கிளம்பும் முன் அந்தப் பகுதியில் 1080 என்ற விஷ மருந்து தூவியிருக்கிறார்களா என்று டாக் தளத்தில் பாருங்கள். எச்சரிக்கை நீங்காத இடத்துக் கறி நாய்க்குக்கூட வேண்டாம்.

மசாலா விஷயம்: மிளகு தூக்கலாக, தேங்காய் குறைவாக. கொழுப்பே இல்லாத கறி, நல்லெண்ணெய் தாராளமாக விடலாம்.

கலை, பிணை என்று ஏன் பழைய சொற்கள்? (சிங்கப்பூர்)

ஆண் மான், பெண் மான் என்று ஒவ்வொரு முறையும் எழுதக் கை வலிக்கிறது.

அதே ஊதலை இங்கே புள்ளிமானுக்கு ஊதினால் வருமா? சும்மா ஆர்வம்தான். (கூடலூர்)

சும்மா ஆர்வமாகவே இருக்கட்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. இங்கே மான் வெளியிலிருந்து வந்து காட்டைத் தின்னும் விலங்கு. அங்கே அந்தக் காடே அதனுடையது. இந்தப் பகுதியில் படித்ததை முதுமலைப் பக்கம் முயற்சி செய்ததாக யாராவது எழுதினால் அந்தக் கடிதம் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஸ்காட்லாந்தில் இருக்கிறேன். இந்த நாட்கள் எனக்கும் பொருந்துமா? (இன்வர்னஸ்)

உங்களுக்குச் செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை. 2023இலிருந்து அங்கே கலைக்குத் தடைக்காலம் இல்லை, பிணையை அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரைதான் சுடலாம். நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் வேலியைத் தாண்டாதீர்கள். காற்று அங்கேயும் காற்றுதான்.

அக்டோபரில் குடும்பத்தோடு ஜப்பான் போகிறோம். நாரா பூங்காவில் ஊதிப் பார்க்கலாமா? குழந்தைகளுக்கு வேடிக்கையாக இருக்கும். (மெல்பர்ன்)

ஜப்பானியத்தில் ஷிகா என்றாலே மான்தான்; நாம்தான் மான் மான் என்று இரண்டு முறை சொல்லிக்கொண்டிருக்கிறோம். அக்டோபரில் அங்கே கலைகளுக்கு மதம் ஏறியிருக்கும். ஆட்களைக் குத்திவிடும் என்றுதான் பிடித்துக் கொம்பை அறுக்கிறார்கள், அதற்கென்று ஒரு சடங்கே உண்டு. அறுபடாத ஒன்று பக்கத்தில் நிற்கும்போது எதிராளி மாதிரி ஊதுவது வேடிக்கை இல்லை. ஊதலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அங்கேயே விற்கும் மான் பிஸ்கட்டை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் குழந்தை கையில் கொடுத்துக் காத்திருக்க வைக்காதீர்கள். கொடுக்கத் தாமதித்தால் சட்டையைக் கடித்து இழுக்கும்.