கோப்பையை விட்டுவிட்டுப் போனவர்

அன்புள்ள ஐயா,

மிக் ஓகானல் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அயர்லாந்தில், கையாலும் பந்தைப் பிடித்து ஆடும் கேலிக் கால்பந்தின் 1959 இறுதி ஆட்டத்தில் வென்ற கெரி மாவட்ட அணியின் தலைவர் அவர்; வென்றவர்களுக்குத் தரும் சாம் மக்வயர் கோப்பையை உடைமாற்றும் அறையிலேயே விட்டுவிட்டு ஊருக்குப் போனாராம். அதைப் பெருமையாக வேறு எழுதியிருக்கிறீர்கள். கூட ஆடிய பதினான்கு பேருக்கும் அதில் பங்கு உண்டே? எனக்கு இது திமிராகத்தான் படுகிறது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பதினான்கு பேரை நான் மறந்துதான் எழுதிவிட்டேன். நீங்கள் கேட்டது சரி. ஆனால் திமிர் என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அன்றைய நாளைக் கொஞ்சம் பாருங்கள். டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் கெரி 3 கோலும் 7 புள்ளியும் எடுத்தது. எதிரணியான கால்வே 1 கோலும் 4 புள்ளியும். ஒரு கோலுக்கு மூன்று புள்ளி, ஆக 16க்கு 7. ஆனால் ஓகானல் இரண்டாம் பாதியில் காயம்பட்டு வெளியேறிவிட்டார். வெற்றி முடிவானபோது அவர் களத்தில் இல்லை. தலைமையும் அவர் தேடிப் போய் வாங்கியதல்ல. கெரியில் முந்தைய ஆண்டு உள்ளூர்ப் பட்டம் வென்ற குழுதான் அணித்தலைவரைச் சொல்லும். அதுதான் அன்று அங்கே வழக்கம்.

அப்புறம் அவருடைய ஊர். வாலன்ஷியா ஒரு தீவு. 1866இல் அட்லாண்டிக்கைக் கடந்து நியூபவுண்ட்லாந்துக்குத் தந்திக் கம்பி போட்டது அங்கிருந்துதான். அந்தத் தந்தி நிலையத்தில்தான் அவருக்கு வேலை. கேலிக் கால்பந்தில் யாருக்கும் சம்பளம் கிடையாது. ஞாயிறு ஆடிவிட்டு எல்லோரும் பிழைப்புக்குத் திரும்பியாக வேண்டும். அவர் பயிற்சிக்குப் போவதென்றாலும் படகை வலித்துத்தான் கரை சேர வேண்டும். அன்றிரவும் ரயிலைப் பிடித்து, படகில் ஏறி வீடு போனார். நமக்கு அது காவியக் காட்சி, அவருக்கு வழக்கமான பாதை.

அவர் ஆட்டத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த எழும்பல்தான். நடுக்களத்தில் உயர வரும் பந்துக்கு எல்லோருக்கும் மேலே எழும்பி, இரு கைகளாலும் சுத்தமாகப் பிடித்து இறங்குவார். பிறகு இடது காலோ வலது காலோ, எதுவானாலும் பந்து நினைத்த இடத்துக்குப் போகும். தீவில் தனியாக, நாள்தோறும் உதைத்து உதைத்துப் பழகிய கால்கள் அவை. பந்தை அப்படி நேசித்த ஒருவருக்குப் பரிசு பெரிதாகத் தெரியாமல் போவது இயல்பு என்றே நினைக்கிறேன்.

1960, 64, 65, 68, 72 என ஐந்து இறுதி ஆட்டங்களில் அவர் இருந்த கெரி தோற்றது. கடைசித் தோல்வியின்போது அவருக்கு 35 வயது. வென்றது நான்கு: 1959, 62, 69, 70. 1999இல் கேலிக் கால்பந்தின் ஆயிரமாண்டுச் சிறந்த அணியைத் தேர்ந்தெடுத்தபோது நடுக்களத்தில் அவர் பெயரும் இருந்தது.

வாலன்ஷியாவுக்குப் பாலம் திறந்தது 1971இல். அந்த நான்கு வெற்றிகளுக்குப் பிறகும் அவர் தண்ணீரைக் கடந்துதான் வீடு சேர்ந்திருக்கிறார்.

அன்புடன்