அதே வீடு, ஆனால் கைகள் எங்கே?

வாசகி கேள்வி:

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில், கணவரின் பூர்வீக வீட்டில் இருக்கிறேன். மகளுக்கு நாலரை வயது, எல்.கே.ஜி. போகிறாள். மகனுக்கு ஒன்றரை வயது. கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். இவ்வளவு பெரிய வீட்டில் நானும் மாமியாரும் பிள்ளைகளும் மட்டும்தான். மகன் எதையும் சாப்பிடுவதில்லை. போனில் பாட்டுப் போட்டால்தான் வாய் திறக்கிறான். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. புட்டிப் பால் என்றால் மட்டும் கேட்டுக் கேட்டுக் குடிக்கிறான். அதற்குள் மகளின் பள்ளி வேன் வந்துவிடும், அவளிடம் கத்துவேன். நேற்று அடித்தும் விட்டேன். “நாங்க அஞ்சு பிள்ளை வளத்தோம், ஒரு நாளும் இப்படிக் கத்துனதில்ல” என்கிறார் மாமியார். நான் மோசமான அம்மாவா?

பதில்:

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. நேற்று அடித்தது மனதை அறுத்ததால்தான் இன்று உட்கார்ந்து இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் மாமியார் சொல்வதும் பொய்யாக இருக்காது. ஆனால் அவர் அஞ்சு பிள்ளை வளர்த்த வீடு வேறு, நீங்கள் இரண்டு பிள்ளை வளர்க்கிற வீடு வேறு. கட்டடம் மட்டும்தான் அதே கட்டடம். முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), இரண்டாங்கட்டு என்று நீளும் நம் பக்கத்து வீடுகளில் வளவைச் சுற்றி வரிசையாக அறைகள் இருக்கும், மகனுக்கு ஒன்று என்ற கணக்கில். கல்யாணமானதும் மகனையும் மருமகளையும் அதே வீட்டுக்குள் தனி அடுப்பு மூட்டி ‘வேறு வைப்பது’ நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், வழக்கம். அடுப்புகள் தனித்தனி, முற்றம் பொது. ஓர் அடுப்பில் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்த பிள்ளை, பெரியம்மா வீட்டு அடுப்படியில் அண்ணன் அக்காவோடு உட்கார்ந்து இரண்டு இட்லி தின்றுவிட்டு வரும். ஒருத்தி கிணற்றடியில் குளிப்பாட்டினால் இன்னொருத்தி தலை துவட்டுவாள். வேலைக்கு வரும் பெண்கள் வேறு.

வீட்டு ஆண்கள் வெளிநாட்டில் இருப்பது செட்டிநாட்டுக்குப் புதிதில்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள் மூன்று வருடக் கணக்கு முடித்துத்தான் திரும்புவார்கள். அன்றும் பெண்கள் கணவர் பக்கத்தில் இல்லாமல்தான் பிள்ளை வளர்த்தார்கள். ஆனால் அவர்களோடு வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். இன்று அந்த ஆட்கள் சென்னையிலும் கோவையிலும் இருக்கிறார்கள், முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் பிள்ளையார் நோன்புக்கும் வந்து பூட்டிய அறையைத் திறந்துவிட்டுப் போகிறார்கள். பத்துப் பேர் பார்த்த வேலையை ஒருத்தியாகப் பார்க்கிற நீங்கள் கத்துகிறீர்கள். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். உங்கள் காலை நேரத்தின் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு வயதுக்கு மேல் பிள்ளைகளுக்குப் பசி குறையும். பிறக்கும்போது மூன்று கிலோ இருந்த குழந்தை முதல் பிறந்தநாளில் சுமார் ஒன்பது கிலோ ஆகிவிடுகிறது. இரண்டாவது வருடம் முழுவதற்கும் சேர்த்து இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும். வளர்ச்சி மெதுவாகும்போது வயிறும் குறைவாகத்தான் கேட்கும். நாம் பத்தாவது மாதத்தில் ஊட்டிய கிண்ணத்தை மனதில் வைத்துக்கொண்டு அதே அளவை இறக்கப் பார்க்கிறோம்.

அப்புறம் அந்தப் பால். நாளைக்கு எத்தனை புட்டி என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் “கேட்டுக் கேட்டு” என்ற சொல்லிலேயே தெரிகிறது. இந்த வயதில் மாட்டுப் பால் ஒரு நாளைக்கு அரை லிட்டரைத் தாண்டக் கூடாது. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, மற்ற உணவிலிருந்து அது உடம்பில் சேர்வதையும் பால் குறைக்கும். வயிறும் நிறைந்துவிடும். இரும்புச்சத்து குறைந்தால் பசி இன்னும் மந்தமாகும், பசி மந்தமானால் நாம் இன்னொரு புட்டி கொடுப்போம். இந்தச் சுற்றை நீங்கள்தான் அறுக்க வேண்டும். புட்டியை எடுத்துவிட்டு டம்ளரில், சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும், நாளைக்கு இரண்டு முறை கொடுங்கள். குழந்தை மருத்துவரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஒருமுறை ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். இரத்தசோகை இருந்தால் சொட்டு மருந்து எழுதித் தருவார்கள். அங்கன்வாடியில் எடை போட்டு வளர்ச்சி அட்டையில் கோடு எப்படிப் போகிறது என்றும் பாருங்கள். கோடு ஏறிக்கொண்டிருந்தால் அவன் சாப்பிடுவது அவனுக்குப் போதும். கோடு படுத்தாலோ இறங்கினாலோ, மண் தின்றாலோ, உதடு வெளுத்திருந்தாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

இரண்டு வயது முடியாத குழந்தைக்குத் திரை வேண்டவே வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன பரிந்துரை. இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் என்கிறது. சாப்பாட்டோடு சேரும்போது இன்னொரு கெடுதலும் உண்டு. கண் திரையில் இருக்கும்போது வாயில் என்ன இருக்கிறது, வயிறு நிறைந்ததா என்று குழந்தைக்குத் தெரிவதில்லை. (அப்பாவோடு வீடியோவில் பேசுவதை இந்தக் கணக்கில் நான் சேர்க்க மாட்டேன். அது அவனுக்கு வேண்டும்.)

இப்படிச் செய்து பாருங்கள். வளவில் பாயை விரித்து மாமியார், நீங்கள், மகள், மகன் நாலு பேரும் வரிசையாக உட்காருங்கள். அவனுக்கும் தனித் தட்டு. எல்லோரும் சாப்பிடுவதையே அவனுக்கும் வையுங்கள், காரம் சேர்ப்பதற்கு முன்னால் எடுத்து. இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், வெள்ளைப் பணியாரத்தைப் பிய்த்துப் போட்டது, நெய் விட்டுப் பிசைந்த பருப்புச் சோறு, முட்டை, கீரை. கும்மாயம் இந்த வயதுக்கு என்றே செய்ததுபோல இருக்கும். உளுந்தும் பாசிப்பருப்பும் அரிசியும் வறுத்து அரைத்த மாவு, கருப்பட்டி, நெய். இரண்டு உருண்டையே பெரிய சாப்பாடு. அவன் கையாலேயே தின்னட்டும். பாதி கீழே போகும், போகட்டும். ஆத்தங்குடிக் கல் தரைதானே, ஈரத்துணியால் துடைத்துவிடலாம். இருபது, இருபத்தைந்து நிமிடம் பாருங்கள். தட்டில் விளையாட ஆரம்பித்தால் தட்டை எடுத்துவிடுங்கள். திட்டவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். அடுத்த வேளை வரைக்கும் தண்ணீர் மட்டும், நடுவில் பிஸ்கட் கிடையாது. முதல் மூன்று நாள் அழுவான், குறைவாகச் சாப்பிடுவான். ஒரு புது உணவைப் பத்துத் தடவை பார்த்த பிறகுதான் வாயில் வைப்பான், அதுவும் இயல்புதான்.

பலகார டின்னைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மணகோலத்தில் கடலை, தேங்காய்ப் பல் எல்லாம் கலந்திருக்கும், சீப்புச் சீடை கடினமானது. பிரியத்தில் அப்பத்தா ஒரு கை அள்ளிக் கொடுத்துவிடுவார். முழு நிலக்கடலை மூச்சுக்குழாயில் சிக்கினால் உயிருக்கு ஆபத்து. நான்கு வயது தாண்டும்வரை வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள். இன்னொன்று, முற்றத்தில் தண்ணீர் நிறைத்து வைத்திருக்கும் அண்டா, வாளி இரண்டுக்கும் மூடி வேண்டும்.

மாமியாரிடம் “கொஞ்சம் உதவி பண்ணுங்க” என்று கேட்காதீர்கள். அதில் என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் புரியாது. நேரத்தையும் வேலையையும் சொல்லிக் கேளுங்கள். “அத்தை, காலையில ஏழுலேருந்து எட்டு வரைக்கும் தம்பியை நீங்க வச்சுக்கிட்டா, பாப்பாவை நான் கத்தாம கிளப்பிடுவேன்.” அந்த ஒரு மணி நேரம் அவர் எப்படிப் பார்த்துக்கொண்டாலும் குறை சொல்லாதீர்கள், போனைத் தவிர. இன்னொன்றும் செய்யுங்கள். சாயங்காலம் அவர் முகப்பில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, “நீங்க பிள்ளை வளத்தப்போ இந்த வீட்ல யாரெல்லாம் இருந்தாங்க அத்தை?” என்று கேளுங்கள். குத்திக்காட்ட வேண்டாம், உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேளுங்கள். அவர் ஒவ்வொரு பெயராகச் சொல்லுவார். சொல்லி முடிக்கும்போது அவருக்கே தெரியும், இப்போது எத்தனை பேர் இல்லை என்று. அந்த வெறுமையில் உங்களைவிட அதிக நாள் தனியாக இருந்தவர் அவர்தான்.

கணவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். காலையில் இரண்டு மணி நேரம் வீட்டு வேலைக்கு ஒரு அம்மாவை வைக்கப் பணம். அப்புறம், தினமும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மகளுக்குக் கதை. நமக்கு மாலை ஆறரை என்றால் சிங்கப்பூரில் ஒன்பது. அந்த அரை மணியில் நீங்கள் நிதானமாகக் குளிக்கலாம். அவளும் எட்டு மணிக்குள் தூங்கிவிட வேண்டும். அவள் வயதுக்கு ஒரு நாளைக்குப் பத்திலிருந்து பதின்மூன்று மணி நேரத் தூக்கம் தேவை. தூக்கம் போதாத பிள்ளைதான் காலையில் சாக்ஸ் மாட்டவே கால் மணி நேரம் எடுக்கும்.

அடித்ததைப் பற்றி மகளிடம் பேசிவிட்டீர்களா? பேசவில்லை என்றால் இன்று இரவு பேசுங்கள். “அம்மா உன்னை அடிச்சது தப்பு. அம்மாவுக்கு அவசரம், அதான் கோபம் வந்துடுச்சு. உன் மேல பிரியம் கொஞ்சமும் குறையல.” இதோடு நிறுத்துங்கள். “ஆனா நீயும்...” என்று தொடராதீர்கள். நான் அப்படித் தொடர்ந்தவள். என் மகளின் நினைவில் ‘ஆனா’வுக்கு அப்புறம் வந்தது மட்டும்தான் தங்கியது. அடுத்தமுறை கை ஓங்கும் என்று தெரிந்தால் சின்னவனை அப்பத்தா மடியில் விட்டுவிட்டு வாசலுக்குப் போய்விடுங்கள். வேன் ஒருநாள் போனால் போகட்டும்.

உங்களைப் பற்றி ஒரு கேள்வி. பிள்ளைகள் தூங்கிய பிறகும் உங்களுக்குத் தூக்கம் வராமல் இருக்கிறதா? இரண்டு வாரத்துக்கு மேல் காரணமில்லாமல் அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை இருக்கிறதா? இருந்தால் அது மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம், உங்கள் குணம் அல்ல. 14416 என்பது அரசின் டெலி மானஸ் எண். கட்டணம் கிடையாது, எந்த நேரமும் தமிழில் பேசலாம். உங்களையோ பிள்ளைகளையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே மாமியாரிடம் சொல்லிவிட்டு இந்த எண்ணுக்குப் பேசுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். முதலில் பாலும் போனும். சனிக்கிழமை காலை ஆரம்பியுங்கள். அன்று வேன் வராது, அவன் அழுவதற்கும் நீங்கள் பொறுத்திருப்பதற்கும் இரண்டு நாள் கிடைக்கும்.