புருவ டாட்டூ: வரைந்த மாதிரி தெரியாமல் இருக்க

கேள்வி: எனக்கு 38 வயது. இளவயதில் புருவத்தை மெலிசாக எடுத்து எடுத்து, இப்போது வால் பகுதியில் முடியே முளைப்பதில்லை. தினமும் பென்சிலால் வரைந்து அலுத்துப்போய், சில வருடம் நின்று மங்கிவிடும் செமி பெர்மனென்ட் டாட்டூ செய்துகொள்ளலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு மார்க்கரால் கோடு இழுத்தது போல இருக்கிறது. இயற்கையாக அமைவதெல்லாம் விளம்பரப் படத்தில் மட்டும்தானா?

பதில்: நிஜத்திலும் அமையும். ஆனால் விளம்பரப் படத்தை நம்பாதது நல்லது. அவை பெரும்பாலும் வேலை முடிந்த கையோடு எடுத்தவை, அப்போது எந்தப் புருவமும் எடுப்பாகத்தான் இருக்கும். ஆறிய பிறகு எடுத்த படம், முடிந்தால் ஒரு வருடம் கழித்து எடுத்த படம் கேளுங்கள். காட்டத் தயங்குகிறார்களா, வேறு ஆளைப் பாருங்கள்.

மார்க்கர் தோற்றத்துக்கு வருவோம். நீங்கள் சொல்லும் அந்த நபரை நான் பார்த்ததில்லை, ஆனாலும் இந்தக் கோளாறுக்குப் பெரும்பாலும் காரணம் புருவம் முழுக்க ஒரே அடர்த்தியாக நிரப்பிவிடுவதுதான். கண்ணாடியை ஒட்டி நின்று நல்ல புருவம் ஒன்றைக் கவனியுங்கள். மூக்குப் பக்கம் தொடங்கும் இடத்தில் முடி கொஞ்சமாக, கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கும், போகப்போகச் சாயும், நடுவில் மேல் வரிசை கீழ்நோக்கியும் கீழ் வரிசை மேல்நோக்கியும் வந்து ஒன்றையொன்று தொடும், அங்கேதான் அடர்த்தி அதிகம், அப்புறம் வாலில் மெலிந்து முடிந்துவிடும். கைதேர்ந்தவர் இந்தப் போக்கை அப்படியே பின்பற்றுவார், தொடக்கத்தைப் பட்டும் படாமலும் விடுவார், கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே தோல் தெரிய இடம் வைப்பார். ஆறும்போது நிறம் கொஞ்சம் பரவும் என்பதால் நெருக்கிப் போட்ட கோடுகள் பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரே பட்டையாகிவிடும். ஆகவே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு "இன்னும் கொஞ்சம் நிரப்புங்களேன்" என்று நீங்களே கேட்டுக் கெடுத்துவிடாதீர்கள்.

அடுத்தது ஆழம். நிறமி மேல்தோலிலேயே நின்றுவிட்டால் தோல் உரிய உரியச் சில வாரங்களில் போய்விடும். ரொம்பக் கீழே இறங்கினால் கோடு கலங்கும், பழுப்பாகப் போட்டதுகூட நீலம் கலந்த சாம்பலாகத் தெரியும். மேல்தோலுக்குச் சற்றுக் கீழே, உள்தோலின் மேற்பகுதியில் நிற்க வேண்டும்; மொத்த ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. கை அனுபவம் இல்லாதவரிடம் இது ஒரே சீராக வராது.

முறையைச் சருமம்தான் தீர்மானிக்கும். மைக்ரோபிளேடிங் என்பது நுண்ணூசிகளை வரிசையாகப் பதித்த கைக்கருவியால் முடி முடியாகக் கீறி நிறமேற்றுவது. வறண்ட, சாதாரணச் சருமத்தில் அழகாக நிற்கும். எண்ணெய் வடிகிற முகமென்றால் அந்தக் கோடுகள் சீக்கிரமே மங்கிக் கலந்துவிடும், அதனால் அந்தப் பக்கமே போகாதீர்கள் என்பேன். பவுடர் பிரௌ (powder brow) என்று மெஷினால் பொடிப் புள்ளிகளாகப் போடுவதுதான் அப்படிப்பட்ட முகத்துக்குச் சரி, லேசாக மேக்கப் போட்டது போல இருக்கும். உங்களுக்குக் காலியாக இருப்பது வால் மட்டும் என்றால் முழுப் புருவத்தையும் ஏன் குத்திக்கொள்ள வேண்டும்? வாலை மட்டும் நிரப்பி, இருக்கும் முடியோடு இணைத்துவிடச் சொல்லுங்கள். சொந்த முடி எவ்வளவுக்கு மிச்சமிருக்கிறதோ அவ்வளவுக்கு இயற்கையாகத் தெரியும்.

தலைமுடி கருப்பாக இருந்தாலும் புருவத்துக்குக் கருப்பு வேண்டாம், அதைவிட ஒரு படி வெளிறிய அடர் பழுப்பு போதும். கார்பன் கலந்த கருப்பு நாளாக ஆக நீலச் சாயலுக்குப் போகக்கூடும். இரும்பு ஆக்சைடு கலந்த பழுப்பு சிலருக்குச் சிவப்படிக்கும், அதை மறு அமர்வில் ஓரளவு சரிசெய்யலாம்.

வடிவத்தை நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, முகத்தைத் தளர விட்டிருக்கும்போது அளந்து வரைய வேண்டும். படுக்கவைத்தால் தோல் நகர்ந்துவிடும். ஊசி எடுப்பதற்கு முன் அந்த வரைவைக் கண்ணாடியில் பார்த்துச் சம்மதம் சொல்லுங்கள், பேசி, சிரித்துப் பாருங்கள். இரண்டு புருவமும் அச்சடித்தாற்போல் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள், யாருக்குமே அப்படி இல்லை.

முதல் சில நாட்கள் கருகருவென்று தடித்துத் தெரியும், பயப்படாதீர்கள். பிறகு பொருக்கு உதிரும். நகத்தால் பிய்த்தால் அந்த இடத்தில் நிறமும் சேர்ந்து போய்விடும். அதற்கப்புறம் ஒன்றுமே இல்லாதது போல வெளிறிப்போகும் ஒரு கட்டம் வரும், பலர் அப்போதுதான் போனைப் போட்டுச் சண்டைக்குப் போகிறார்கள். ஏறக்குறைய ஒரு மாதத்தில் உண்மையான நிறம் தெரியும். குறையிருந்தால் 6 முதல் 8 வாரத்தில் டச்-அப் செய்வார்கள், அதனால் முதல் அமர்வில் குறைவாகப் போடுவதே புத்திசாலித்தனம். கூட்டுவது சுலபம், எடுப்பதுதான் பாடு: லேசரில் சில நிறமிகள் மங்காமல் மேலும் கருத்துவிடுவதும் உண்டு. பொதுவாக 1 முதல் 3 வருடம் தாங்கும். வெயிலும், முகச்சுருக்கத்துக்குப் பூசும் ரெட்டினால் கிரீமும் அந்தக் காலத்தைக் குறைக்கும்.

வால் முடி சமீபத்தில்தான் கொட்டியது என்றால் முதலில் தைராய்டு பாருங்கள், அது குறைவாகச் சுரந்தாலும் அந்த இடம் மெலியும். கர்ப்பமாக இருப்பவர்கள், பாலூட்டுபவர்கள் தள்ளிப்போடுங்கள். தழும்பு தடித்து வளரும் உடம்புக்காரர்கள், கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்காமல் போக வேண்டாம். ஊசியை உங்கள் கண்ணெதிரே உறை பிரிக்கச் சொல்லுங்கள். பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் புருவத்தில் டாட்டூ இருப்பதை அங்கே முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, அபூர்வமாகச் சிலருக்கு அந்த இடத்தில் சூடு தெரியும்.