வாசகர் கேள்வி – பதில்: காசில்லாமல் எடுத்த காதல் தோல்வி

கேள்வி: தாடி, கிடார், கண்ணீர். காதலில் தோற்ற பாடகனைப் பற்றிய சின்ன பட்ஜெட் படங்கள் எல்லாம் இதற்குள்ளேயே சுற்றுகின்றன. உருப்படியாக ஒன்றாவது உண்டா?

பதில்: தாடிக்கு நான் பொறுப்பில்லை. ஆனால் 2007-இல் வந்த 'ஒன்ஸ்' என்ற அயர்லாந்துப் படத்தைப் பாருங்கள். ஜான் கார்னி இயக்கியது. டப்ளின் தெருவில் பாடிக் காசு வாங்குகிற ஒருவன், பகலில் ஜனங்களுக்குத் தெரிந்த பாட்டு, இரவில் தன் சொந்தப் பாட்டு, ஏனென்றால் பகலில் தெரியாத பாட்டுக்கு யாரும் காசு போட மாட்டார்கள். மற்ற நேரத்தில் அப்பா கடையில் வாக்குவம் கிளீனர் ரிப்பேர். காதலி லண்டன் போய்விட்டாள். இவனை இன்னும் கொஞ்சம் அழவிட்டிருந்தால் படம் படுத்திருக்கும். ஆனால் செக் நாட்டுப் பெண் ஒருத்தி ரிப்பேரான வாக்குவம் கிளீனரை நாய்க்குட்டி மாதிரி இழுத்துக்கொண்டு அவன்கூடத் தெருவில் நடக்கிறாள் பாருங்கள், சோகமெல்லாம் சிரிப்பாகிவிடுகிறது. காதலி என்ன ஆனாள் என்று அவள் துருவித் துருவிக் கேட்க, அவன் பஸ்ஸிலேயே கிடாரை எடுத்துத் தன் கதையைக் கிண்டல் பாட்டாகப் பாடிக் காட்டுகிறான். காயம் ஆறத் தொடங்கியதை இதைவிட நன்றாக எந்த வசனத்தாலும் சொல்ல முடியாது என்பேன். இருவருக்கும் படத்தில் பெயர்கூடக் கிடையாது.

கேள்வி: இப்படிப்பட்ட படத்துக்கு நடிகரைப் பாட வைப்பது நல்லதா, பாடகரை நடிக்க வைப்பதா?

பதில்: சந்தேகமே இல்லாமல் பாடகரைத்தான். 'ஒன்ஸ்' படத்தில் முதலில் நடிக்க இருந்தவர் சிலியன் மர்பி. அவர் விலகியதும், பாட்டு எழுதிய கிளென் ஹான்சார்டையே கதாநாயகனாக்கிவிட்டார் கார்னி. இருவரும் பழைய சகாக்கள், ஹான்சார்டின் 'தி பிரேம்ஸ்' குழுவில் ஒரு காலத்தில் பேஸ் கிடார் வாசித்தவர்தான் கார்னி. கூட நடித்த மார்கெட்டா இர்க்லோவாவும் இசைக்காரர்தான். இசைக்கருவிக் கடையில் அவன் புதுப்பாட்டைச் சொல்லித்தர, அவள் பியானோவில் தடவித் தடவிச் சேர்ந்துகொள்கிற காட்சியில் பாட்டு முழுசாக ஓடுகிறது. வாசிக்கத் தெரியாத நடிகராக இருந்தால் விரலை மறைக்கவே கேமரா பாதி நேரம் அல்லாடியிருக்கும். அந்தப் பாட்டுக்குத்தான் 2008-இல் ஆஸ்கார் கிடைத்தது.

கேள்வி: பணத்துக்கு என்ன செய்தார்கள்?

பதில்: மொத்தச் செலவே சுமார் ஒன்றரை லட்சம் டாலர், பெரும்பகுதி அயர்லாந்துத் திரைப்பட வாரியம் தந்தது. 17 நாளில் எடுத்து முடித்தார்கள். தெருக் காட்சிகளை லாங் லென்ஸ் போட்டுத் தூரத்திலிருந்து எடுத்ததால் போகிறவர் வருகிறவர் பலருக்குப் படப்பிடிப்பு என்றே தெரியாது, துணை நடிகர் செலவும் மிச்சம். உலகம் முழுக்க வசூல் 2 கோடி டாலரைத் தாண்டியது.

கேள்வி: கடைசியில் இருவரும் சேர்ந்துவிடுகிறார்களா?

பதில்: அதைச் சொல்லிவிட்டு யார் உங்களிடம் திட்டு வாங்குவது? ஒன்றரை மணி நேரம்கூட ஓடாத படம், பார்த்துவிட்டு எழுதுங்கள்.